தூளி முதல் தூக்குப்பை வரை
தோட்டப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பாரிட் புந்தார்

பசுவின் கன்று பிறந்த சில நாழிகைக்குள் எழுந்து நின்று தாயின் மடியைத் தேடும். குரங்குக் குட்டி தாயின் வயிற்று மயிரைப் பற்றிக்கொண்டு கிளைக்குக் கிளை செல்லும். மனிதக் குழந்தைக்கோ தன் தலையைத் தானே நேராக நிறுத்த மூன்று நான்கு திங்கள் ஆகின்றன. ஆகவே அதனைப் பிறர் ஏந்த வேண்டும். பிறர் கிடத்த வேண்டும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பிறர் கொண்டு செல்ல வேண்டும். ஏந்தல், கிடத்தல், கொண்டு செல்லல் என்னும் இம்மூன்று தேவைகளுக்காகவே உலகத்து மக்கள் அனைவரும் தத்தம் நாட்டில் கிடைத்த துணியையும் மரத்தையும் தோலையும் பிரம்பையும் கொண்டு பல கருவிகளை ஆக்கிக்கொண்டனர்.

இன்று அக்கருவிகளை நாம் ஆக்குவதில்லை, வாங்குகிறோம். பாரிட் புந்தார்க் கடைத்தெருவிலும், கைப்பேசி வழியே பொருள் வாங்கும் அங்காடிகளிலும் தூக்குப்பை, வளையத் துணி, ஸ்பிரிங் தொட்டில், மின்தொட்டில், சாய்வுப் படுக்கை, தள்ளுவண்டி, கார் இருக்கை என எண்ணற்றவை குவிந்து கிடக்கின்றன. விலை மிகுந்தது நல்லது என்று கருதுவார் சிலர். பாட்டி செய்ததே போதும் என்பார் வேறு சிலர். இவ்விரு கருத்தும் முழுதும் பொருந்தா. ஒரு கருவி குழந்தையின் மூச்சைக் காக்கிறதா, எலும்பைக் காக்கிறதா, விழாமல் காக்கிறதா என்று கேட்டு அறிவதே முறை. அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பருவமும்

தமிழில் இதற்குரிய சொற்கள் பல. சட்டமும் காலும் உடையதாய் மரத்தாலோ பிரம்பாலோ செய்யப்படுவது தொட்டில். துணியை உத்தரத்திலோ மரக்கிளையிலோ கட்டித் தொங்கவிடுவது தூளி. ஈழத் தமிழர் அதனை ஏணை என்பர். இடுப்பின் பக்கத்தில் குழந்தையை இருத்திக்கொள்ளுதலை ஒக்கலையில் வைத்தல் என்பது பழைய வழக்கு. தாலாட்டு என்பதில் உள்ள ‘தால்’ என்னும் சொல்லுக்கு நாக்கு என்று பொருள். நாவை அசைத்துப் பாடுவதே தாலாட்டு. தொட்டிலை ஆட்டினால்தான் தாலாட்டு என்பதில்லை. மடியில் கிடத்தியும் பாடலாம். இதனை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுப்பதைத் தமிழாசிரியர் அறிவர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொதுவானவை. அவற்றுள் செங்கீரை ஐந்தாம் திங்களுக்கு உரியதாகச் சொல்லப்படும். குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைந்தாடும் காலம் அது. சப்பாணி, உட்கார்ந்து கைகொட்டும் காலம். முதலில் தலை நிற்றல், பின்னர்க் கையூன்றி எழும்புதல், அதன்பின் உட்கார்தல் என்ற இதே வரிசையைத்தான் இன்று கிளினிக்கில் மிஸ்ஸியும் குழந்தையின் வளர்ச்சி அட்டையில் பார்க்கிறார். குழந்தைக்கான கருவி எதுவாயினும் அதனை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை இவ்வரிசையே முடிவு செய்கிறது.

ஆயாக் கொட்டகை

நம் கிரியான் வட்டாரத்திற்கு நம் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காக வந்தனர். பின்னர் ரப்பர் வந்தது. 1906இல் நிறைவெய்திய நீர்ப்பாசனத் திட்டத்தால் இவ்வட்டாரம் நெல்வயலாயிற்று. பால்மரம் வெட்டும் பெண்கள் விடியுமுன் பெரட்டுக்குச் செல்வர். கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் ஆயாக் கொட்டகை. அங்கே உத்தரங்களில் பழஞ்சேலைகளும் கைலிகளும் வரிசையாகத் தூளிகளாகத் தொங்கும். ஒரு கையால் ஒரு தூளியை ஆட்டிக்கொண்டே மறு கையால் இன்னொரு குழந்தைக்குப் பாலூட்டும் ஆயாவை என் வயதினர் பலர் கண்டிருப்பர். அத்தூளிகளில் வளர்ந்தவரும் நம்மில் பலர்.

அத்தூளிகளில் குழந்தைகள் பெரும்பாலும் நலமாகவே வளர்ந்தன என்று சொல்லி, ‘அதுவே போதுமே’ என்பார் உளர். அங்கிருந்த சூழலை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கொட்டகையில் ஆயாவின் கண் எப்போதும் இருந்தது. லயத்து வீட்டிலோ பாட்டி, அத்தை, அக்காள் எனப் பலர் இருந்தனர். தடித்த மர உத்தரம் இருந்தது. இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டன. தாயும் தந்தையும் பினாங்குப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் மாறிமாறி இரவு வேலை செய்கின்றனர். தூளி மட்டும் அப்படியே உடன் வந்திருக்கிறது. உத்தரம் இருந்த இடத்தில் இரும்புக் கொக்கி, ஆயா இருந்த இடத்தில் மின்பொறி. பழைய கருவி புதிய சூழலில் பழைய காவலின்றி நிற்கிறது. இதுவே இன்றைய சிக்கலின் வேர்.

சட்டம் இதனை ஒருவாறு எண்ணிப் பார்த்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் குழந்தைகளுக்கான காப்பகத்தையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. நகரத்துக் காப்பகங்களுக்கு 1984ஆம் ஆண்டின் குழந்தைக் காப்பகச் சட்டம் உண்டு. 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாளாகவும், தந்தைக்குரிய விடுப்பு 7 நாளாகவும் உயர்ந்துள்ளன. ஆயினும் நான்காம் திங்கள் பிறக்கும்போது தாய் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அப்போது குழந்தை பிறர் கையில், பிறர் தொட்டிலில்.

உடல் கூறும் மூன்று நெறிகள்

கருவிகளை ஒவ்வொன்றாக ஆராயுமுன் பச்சிளங்குழந்தையின் உடலைச் சற்று அறிதல் வேண்டும். வளர்ந்த மனிதனின் தலை அவனது உயரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தையின் தலையோ நான்கில் ஒரு பங்கு. அப்பெருந்தலையைத் தாங்கும் கழுத்துத் தசைக்கு வலிமை இன்னும் வரவில்லை. அதன் மூச்சுக்குழல் 4 அல்லது 5 மில்லிமீட்டர் அகலமே உடையது. குளிர்பானம் உறிஞ்சும் குழல் அளவினது. அது மென்மையானதும் கூட. குழந்தையின் முதுகு வில்லாக வளைந்து, முகவாய் மார்பில் அழுந்தினால் அக்குழல் மடங்குகிறது. குழந்தை அழாது, திமிறாது, ஓசையின்றியே மூச்சுக் குன்றும். எனவே முதல் நெறி: முகவாய்க்கும் மார்புக்கும் இடையே எப்போதும் ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும், மூக்கும் வாயும் துணியால் மறைதல் கூடாது.

இரண்டாவது, இடுப்பு. பிறந்த குழந்தையின் தொடையெலும்பின் தலை பொருந்தும் இடுப்புக் குழி இன்னும் முற்றவில்லை, பெரும்பகுதி குருத்தெலும்பு. கால்களை நேராக நீட்டி இறுகக் கட்டினால் எலும்பு குழியிலிருந்து நழுவ இடமுண்டு. தொடைகள் விரிந்து, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை அமர்ந்தாற்போல் இருந்தால் எலும்புத் தலை குழியில் செம்மையாகப் பதியும். சப்பானில் குழந்தையின் கால்களை நீட்டிச் சுற்றும் பழக்கம் இருந்தது. 1975இல் அதனைக் கைவிடுமாறு நாடு தழுவிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. நூற்றுக்கு ஒன்றுக்கும் மேலாக இருந்த இடுப்பு நழுவற் குறை, பின்னர் நூற்றுக்கு 0.2க்கும் கீழாகக் குறைந்தது. வட அமெரிக்கப் பழங்குடியாருள் குழந்தையைப் பலகையில் நேராகக் கட்டிச் சுமந்தவரிடம் இக்குறை மிகுதியாக இருந்ததையும், ஒக்கலையிலும் முதுகிலும் கால் விரித்துச் சுமக்கும் மக்களிடம் குறைவாக இருந்ததையும் அறிஞர் எடுத்துக்காட்டுவர். நம் தாய்மாரின் ஒக்கலை இவ்வகையில் நல்லதே.

மூன்றாவது, அணைப்பு. குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கெடுக்காதே என்று சொல்லும் வழக்கம் ஒன்றுண்டு. இதற்குச் சான்றில்லை. கனடாவின் மொன்றியாலில் 1986இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கிச் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறு வார வயதில் 43 விழுக்காடு குறைவாக அழுதன. கொலம்பியாவின் பொகோத்தா நகரில் 1978இல் வெப்பப் பெட்டிகள் போதாமையால், எட்கார் ரே என்னும் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை எனப்படும் அதனை எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே தொடங்குமாறு 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏந்துதல் செல்லமன்று, மருந்துமாகும்.

தூளியும் ஸ்பிரிங் தொட்டிலும்

நம் வீடுகளில் இன்று மிகுதியாக இருப்பது ஸ்பிரிங் தொட்டில். கூரைக் கொக்கியிலோ இரும்புச் சட்டத்திலோ சுருள்வில்லை மாட்டி, அதன் கீழ்க் கொக்கியில் கைலியைத் தொங்கவிடுவர். மலாய்க்காரர் புவாயான் என்பதும் இதுவே. இதில் தீங்கு மூவகையாக வரும்.

ஒன்று, விழுதல். கொக்கி நழுவும், சுருள்வில் நாட்பட்டு இற்றுப்போகும், கைலியின் தையல் விடும். தூளித் துணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் எழுதியுள்ளனர். சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரண்டு நாள் வராமல், மூன்றாம் நாள் வந்து, தம்பி தொட்டிலோடு விழுந்துவிட்டான் என்றாள். தம்பியை ஆட்டும் பொறுப்பு அவளுடையது. அக்குழந்தை பிழைத்தது. ஆனால் ‘நான்தான் வேகமாக ஆட்டினேன், ஐயா’ என்று அவள் சொன்னது இன்றும் என் காதில் உள்ளது. எட்டு வயதுச் சிறுமி சுமக்கத்தக்க பழி அன்று அது. அக்கொக்கியைப் பெரியவர் ஒருவரும் பல திங்களாகத் தொட்டுப் பார்த்ததில்லை.

இரண்டு, குலுக்கல். சுருள்வில் மேலும் கீழுமாகத் துள்ளும். மெல்ல அசைத்தால் குழந்தைக்கு இதம். அழுகையை அடக்க வேண்டி வேகமாகக் குலுக்கினாலோ, தாங்கற்ற அத்தலை முன்னும் பின்னும் வெட்டி இழுபடும். ஆதலால் துள்ளவைத்தல் ஆகாது.

மூன்று, மடிதல். துணியின் அடிப்பகுதி குழிவதால் குழந்தையின் முதுகு வில்லாகிறது. முகவாய் மார்பைத் தொடுகிறது. பக்கத்துத் துணி முகத்தில் ஒட்டுகிறது. இதனை அறிந்தே முதியோர் துணியின் இரு விளிம்பும் ஒட்டாதவாறு நடுவே குச்சி செருகினர். இன்று பலர் அக்குச்சியை மறந்தனர்.

ஆகவே தூளியைப் பயன்படுத்துவோர் இவற்றைக் கடைப்பிடிக்கலாம். பகலில், விழித்திருக்கும் பெரியவர் கண்ணெதிரில், சிறு உறக்கத்திற்கு மட்டும் தூளி. இரவு முழுதும் தூளியில் விடுதல் வேண்டா. குறைமாதக் குழந்தைக்கும் சளியால் மூச்சுத் திணறும் குழந்தைக்கும் தூளி வேண்டவே வேண்டா. தொங்கும் துணியின் அடி, தரையிலிருந்து ஓரடிக்கு மேற்படாமல் இருக்கட்டும். கீழே தடித்த பாய் விரித்திருக்கட்டும். கொக்கி, சுருள்வில், துணி மூன்றையும் கிழமைதோறும் பெரியவர் ஒருவர் தம் கையால் இழுத்துப் பார்க்கட்டும். துரு கண்ட சுருள்வில்லை எண்ணெய் பூசிக் காப்பாற்றாமல் எறிந்துவிடுக. ஆட்டும் பொறுப்பைச் சிறுவர்க்கு அளிக்காதிருங்கள். மின்பொறி ஆட்டுகிறது என்று சமையலறைக்குச் சென்றுவிடாதிருங்கள். பொறிக்குக் கண் இல்லை.

குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தும் நாளில், அஃதாவது செங்கீரை ஆடத் தொடங்கும் பருவத்தில், தூளியை அவிழ்த்துவிட வேண்டும். கவிழ்ந்தும் புரண்டும் எழும்பும் குழந்தையைத் துணியால் தாங்க இயலாது. புலவர் தாலைச் செங்கீரைக்குப் பின்னே வைத்தனரே எனின், முன்னர்க் கூறியதை நினைவு கொள்க: தால் என்பது நாவே. தாலாட்டு தொடரட்டும், தூளி நிற்கட்டும்.

கரும்புத் தொட்டில்

தைப்பூசத்தில் நேர்த்திக்கடனாகக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, சேலையைத் தூளியாக்கி, அதில் குழந்தையை இட்டுத் தாயும் தந்தையும் தோளில் சுமந்து செல்வதை ஈப்போ கல்லுமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் பத்துமலையிலும் காண்கிறோம். குழந்தை வேண்டிப் பெற்றோர் செலுத்தும் நன்றி அது. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. செய்முறையில் மட்டும் சிறிது கருத்து வேண்டும். பூச்சி துளைத்த கரும்பும் காய்ந்த கரும்பும் ஒடியும். புதிதாய் வெட்டிய தடித்த கரும்புகளைப் பல இடங்களிற் கட்டுதல் வேண்டும். முன்னே செல்பவரும் பின்னே செல்பவரும் ஏறக்குறைய ஒரே உயரத்தினராயின் தூளி சரியாது. மூன்றாமவர் ஒருவர் தூளியின் அடியில் கைகொடுத்துக் குழந்தையின் முகத்தைப் பார்த்தவாறே நடக்கட்டும். வெயில் ஏறுமுன் விடியலில் செலுத்துவதும், படியேறும்போது குழந்தையை மார்பில் அணைத்துக்கொள்வதும் நன்று. வேண்டுதல் குழந்தைக்காகவே அன்றோ?

தூக்குப்பைகள்

மலேசியாவில் பல மக்களின் தூக்கும் முறைகளை ஒரே தெருவில் காணலாம். மலாய்த் தாய் பாத்தேக் துணியைத் தோளில் குறுக்காகக் கட்டிக் குழந்தையை ஏந்துவாள். சீனப் பாட்டி நான்கு வார் தைத்த சதுரத் துணியால் பேரனை முதுகில் கட்டிக்கொள்வாள். தமிழ்த் தாய் ஒக்கலையில் வைப்பாள். இன்று கடையில் விற்கும் பைகள் பெரும்பாலும் இவற்றின் வழிவந்தவையே. நீண்ட துணியைச் சுற்றிக் கட்டுவது ஒருவகை. இரு வளையங்களில் துணியைச் செருகி இறுக்குவது ஒருவகை. இடுப்புவாரும் தோள்வாரும் கொக்கியும் உடையது ஒருவகை.

துணியாயின் தீங்கில்லை என்று எண்ணற்க. அமெரிக்காவில் 2010இல் நுகர்பொருட் காப்பு ஆணையம், அதற்கு முந்திய 20 ஆண்டுகளில் தோள்துணிப் பைகளில் 14 குழந்தைகளேனும் இறந்ததாக எச்சரித்தது. அவற்றுள் 12 குழந்தைகள் நான்கு திங்களுக்கு உட்பட்டவை. ஆழ்ந்து தொங்கும் பையில் குழந்தை சுருண்டு கிடந்ததும், துணி மூக்கை மூடியதுமே இத்தகைய சாவுக்கு வழி. அதே ஆண்டில் ஆங்கில நாட்டார் ஐந்து விதிகளை வகுத்துப் பரப்பினர். அவற்றின் கருத்தைத் தமிழில் தருகிறேன். வகுப்பறைச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

1. துணி இறுக்கமாக இருக்கட்டும். தளர்ந்தால் குழந்தை சரியும்.
2. குனிந்து பார்த்தவுடன் முகம் தெரியட்டும்.
3. தலை குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் குழந்தை இருக்கட்டும்.
4. முகவாய் மார்பைத் தொடாதிருக்கட்டும்.
5. முதுகு நிமிர்ந்து, தாயின் மார்போடு பொருந்தித் தாங்கப்படட்டும்.

இவற்றோடு இடுப்பு நெறியையும் சேர்க்க. பையின் இருக்கைத் துணி குழந்தையின் ஒரு முழங்காலின் பின்புறத்திலிருந்து மறு முழங்காலின் பின்புறம் வரை அகன்றிருக்க வேண்டும். கவட்டில் மட்டும் தாங்கி, கால்கள் நேரே தொங்கும் குறுகிய பை விரும்பத்தக்கதன்று. தலை நிற்கும்வரை குழந்தையின் முகம் தாயை நோக்கியே இருக்கட்டும். வெளிநோக்கி வைத்தலும் முதுகிற் சுமத்தலும் பின்னரே ஆகும். பல பைகளில் 3.2 அல்லது 3.5 கிலோ என்று கீழெல்லை குறித்திருக்கும். நம் குழந்தைகள் பல 3 கிலோ அளவிலும் அதற்குக் குறைந்தும் பிறப்பதால், வாங்குமுன் இவ்வெண்ணைப் பார்த்தல் இன்றியமையாதது. அறுவையால் பேறு கண்ட தாய்க்கு இடுப்புவார் புண்ணில் அழுந்தும். தோளில் தாங்கும் துணியே அவளுக்கு ஏற்றது.

நம் நாட்டு வெப்பத்தையும் மறத்தல் ஆகாது. தாயுடலின் சூடும் பையின் சூடும் சேர்ந்து குழந்தையை வாட்டும். பருத்தித் துணியே நன்று. பிடரியைத் தொட்டுப் பார்த்து வியர்த்திருந்தால் உடனே வெளியில் எடுக்க வேண்டும். பையிற் குழந்தையுடன் அடுப்பருகே நிற்றலும், சூடான தேநீர் அருந்துதலும் கூடா. கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தாழ்க.

கிடத்தும் இடம்

உறக்கத்திற்கு மிக நல்லது மிக எளியது: சமமான, உறுதியான படுக்கை, மல்லாந்த நிலை, வேறொன்றுமில்லை. 1990களின் தொடக்கத்தில் ஆங்கில நாடும் அமெரிக்காவும் குழந்தையை மல்லாக்கக் கிடத்துமாறு மக்களை வற்புறுத்தின. உறக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சாவுகள் அங்கெல்லாம் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. சாய்வுப் படுக்கைகள் இதற்கு மாறானவை. சாய்ந்த நிலையில் தலை முன்னே கவிழ்ந்து முகவாய் மார்பில் படும். 2019இல் அமெரிக்காவில் 47 இலட்சம் சாய்வுப் படுக்கைகளை உற்பத்தியாளரே திரும்பப் பெற நேர்ந்தது. 2022இல் அவ்வகைப் படுக்கையின் விற்பனையையே சட்டம் தடை செய்தது. அங்கே தடுக்கப்பட்டவை இங்கே மலிவாக விற்கப்படும்போது நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

குழந்தை திடுக்கிடாதிருக்க மார்பின்மேல் பச்சைப்பயற்று உமி அடைத்த சிறு தலையணை வைப்பது நம் நாட்டில் எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம். அத்தலையணை நழுவி முகத்தில் விழுந்தால் தள்ளிவிடக் குழந்தைக்குக் கையில் வலுவில்லை. அதனைத் தவிர்க்க. கட்டிலின் சட்டங்களுக்கு இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மிகாதிருக்கட்டும். கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டாதிருங்கள். கைக்கெட்டும் தொலைவில் நூலில் தொங்கும் பொம்மையும் வேண்டா. நம் கடைகளில் கிடைக்கும் குடைபோல் விரியும் கொசுவலை, தரையில் விரித்த உறுதியான சிறு மெத்தையின்மேல் கவிழ்க்கப்படுமானால், விலையுயர்ந்த கட்டிலுக்குச் சிறிதும் குறைந்ததன்று.

சக்கர நடைவண்டியைப் பற்றியும் ஒரு சொல். நடை விரைவில் வரும் என நம்பிப் பலர் வாங்குகின்றனர். அது நடையை விரைவுபடுத்துவதில்லை; படியிலிருந்து உருளவும் அடுப்பருகே செல்லவும் மட்டும் உதவும். கனடா அதன் விற்பனையை 2004இலேயே தடை செய்துவிட்டது.

ஊர்தியில்

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். ஐக்கிய நாட்டு விதிகளான ஆர் 44 அல்லது ஆர் 129 என்பதன் குறியும், வட்டத்துக்குள் ‘இ’ என்னும் ஆங்கில எழுத்தும் உள்ள இருக்கையையே தெரிந்தெடுக்க. பச்சிளங்குழந்தை காரின் பின்புறத்தை நோக்கியே அமர வேண்டும். கார் திடீரென நிற்கும்போது முன்னோக்கிய குழந்தையின் பெருந்தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்து இழுபடும். பின்னோக்கிய குழந்தைக்கோ தலையையும் முதுகையும் இருக்கையே ஒருசேரத் தாங்கும். ஆர் 129 விதி, 15 திங்கள் வரையேனும் இந்நிலையை வேண்டுகிறது. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் இதனைப் பொருத்துதல் பெருந்தீங்கு. விபத்தில் சிக்கிய பழைய இருக்கையை வாங்கற்க. உடைவு கண்ணுக்குத் தெரியாது. வீடு சேர்ந்தபின் உறங்கும் குழந்தையை அதிலேயே விட்டுவிடாமல் படுக்கைக்கு மாற்றுக. மடியில் வைத்திருப்பதே பாதுகாப்பு என்பது அன்பின் நம்பிக்கை. மோதும் வேகத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது.

நம் மக்களில் பலரிடம் கார் இல்லை, மோட்டார்சைக்கிள்தான் உண்டு. தந்தை ஓட்ட, தாய் பின்னமர, இடையிலே துணியிற் கட்டிய கைக்குழந்தை என்னும் காட்சி நம் தோட்டப் பாதைகளில் நாளும் உண்டு. இதற்கேற்ற பாதுகாப்பான பை எதுவும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த விதி, இருசக்கர ஊர்தியில் குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும் என்று சொல்லும்போதும் ஒன்பது திங்கள் வயதிலிருந்தே சொல்கிறது. பச்சிளங்குழந்தையின் கழுத்து கவசத்தின் எடையையும் தாங்காது. ஆதலால் தடுப்பூசி நாளுக்குப் பேருந்தோ, வாடகைக் காரோ, அண்டை வீட்டாரின் காரோ முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் வேண்டும். ஒரு லயத்தில் ஒரு கார் இருந்தால், அதில் ஒரு குழந்தை இருக்கையை நான்கு குடும்பம் பணம் சேர்த்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தைகள் ஒரே காலத்தில் பிறப்பதில்லையே!

வாங்குமுன்

கடையில் நின்று கேட்க வேண்டிய வினாக்கள் சில. இது எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை? குழந்தையின் முகம் எனக்கு எப்போதும் தெரியுமா? முகவாய் மார்பில் படுமா? கால்கள் விரிந்து தாங்கப்படுமா? கொக்கி ஒரு கையால் எளிதில் கழலுமா? துவைக்கலாமா? எப்போது நிறுத்த வேண்டும்? இவற்றுக்கு விடை பெட்டியின் மேல் எழுதப்பட்டிராவிடில் அப்பொருளை அங்கேயே விட்டுவிடலாம். பணம் குறைவாயின் வரிசை இதுவாகட்டும்: காருடையார்க்கு முதலில் கார் இருக்கை, அடுத்து உறுதியான மெத்தையும் கொசுவலையும், அதன்பின் தூக்குத் துணி. தள்ளுவண்டி பின்னர் வரலாம். வாங்கும்போது பச்சிளங்குழந்தைக்கு முற்றும் படுக்கும் நிலை உள்ளதாகப் பார்க்க. கைப்பிடியில் பைகளை மாட்டினால் வண்டி பின்னே கவிழும். மின்தொட்டில் வாராமலே போகலாம்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இவையெல்லாம் மருத்துவர் வேலை, ஆசிரியருக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நம் வீடுகளில் தொட்டிலை ஆட்டுவோர் நம் மாணவரே. தம்பி தங்கையரை இடுப்பிற் சுமந்து பள்ளி வாயில் வரை வருவோரும் அவரே. நலக்கல்விப் பாடத்தில் ஒரு பொம்மையையும் ஒரு கைலியையும் கொண்டு, முகவாய்க்கடியில் ஒரு விரல் இடைவெளி என்ற ஒன்றைக் கற்பித்தால் போதும். அன்று மாலையே அது வீட்டுக்குச் சென்றுவிடும். பெற்றோர் கூட்டத்தில் கிளினிக் மிஸ்ஸியை ஒரு மணி நேரம் பேச அழைக்கலாம். பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைச் சொல்லும்போது, செங்கீரையைக் கண்டால் தூளியை அவிழ்க்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லலாம். செய்யுள் அதனால் குறைவுபடாது.

பாட்டியின் பழஞ்சேலையையும் எறிய வேண்டியதில்லை. வெளுத்து மென்மையான அதே சேலை, மார்போடு இறுகக் கட்டினால் மிக நல்ல தூக்குத் துணியாகும். கட்டியபின் தலையைக் குனிந்து பாருங்கள். நெற்றி முத்தமிடும் உயரத்தில் இருக்கிறதா? மூக்கு தெரிகிறதா? தெரிந்தால் நடக்கலாம்.